மணப்பொருத்தமும் மரபணுவும்

நம் இல்லங்களில் மணப்பேச்சு எழுந்தவுடன் ஜாதகம் பார்க்கிறோம். படிப்பு, உத்தியோகம், வீடு, நிலம் ஆகியவற்றைக் கேட்டறிகிறோம். குடும்பத்தைப் பற்றி நாலு பெரியவர்களிடம் விசாரிக்கிறோம். எண்ணிக்கையில் சிறிய நம் தமிழ்ச் சமணச் சமூகத்தில், வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் எனச் சில வட்டாரங்களுக்குள்ளேயே பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வந்துள்ளமையால், இரு வீட்டாரும் பெரும்பாலும் முன்னரே உறவினராக இருப்பர். அத்தை மகன், மாமன் மகள், சில குடும்பங்களில் தாய்மாமனே மணமகன். "தெரிந்த இடம்தானே" என்ற ஒரு சொல்லில் விசாரணை முடிந்துவிடுகிறது. தெரிந்த இடமாக இருப்பதனாலேயே கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது மரபணு பற்றியது. அதனைக் கருவுற்ற பின் அறிவதைவிட மணத்திற்கு முன் அறிவதே ஜீவதயையை உயிராகக் கொண்ட நமக்கு ஏற்றது என்பதை இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

நாம் நன்கறிந்த சிராவகக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். மருமகளாக வந்தவள் மாமியாரின் சொந்தத் தமையன் மகள். முதற்குழந்தை பத்து மாதத்தில் இறந்தது. பழவினை என்று அனைவரும் தேற்றினர். இரண்டாம் குழந்தையும் அதே வயதில், அதே போல் துவண்டு இறந்தது. இம்முறை ஊராரின் பார்வை மருமகளின் மேல் விழுந்தது. சீமந்த வீடுகளுக்கு அவளை அழைப்பதைச் சிலர் தவிர்த்தனர். பின்னர் ஒரு பெருநகர மருத்துவமனையில், மருத்துவர் அல்லாத ஓர் இளம்பெண், குடும்பத்தார் அனைவரையும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறைகளை வட்டமும் சதுரமுமாக வரைந்து, நோய்க்குக் காரணமான பிழை தாய் தந்தை இருவரிடமிருந்தும் பாதிப்பாதியாக வந்திருப்பதைக் காட்டினாள். "அப்படியானால் என் மகனிடமும் குறையா அம்மா?" என்று மாமியார் கேட்டார். "பெரும்பாலும் உங்கள் பிறந்த வீட்டிலிருந்துதான் இரண்டு வழியாகவும் வந்திருக்கிறது, பாட்டி. அதைக் குறை என்று சொல்ல வேண்டாம். என் உடம்பிலும் இது போல வேறு சில இருக்கும்" என்றாள் அப்பெண். அன்று மாலை பேருந்தில் வரும்போது மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். இதனை அம்மருமகளே நம்மிடம் கூறினாள்.

அப்பெண் வரைந்து காட்டியது யாது? நம் முன்னோர் நன்கறிந்த ஓலைச்சுவடியைக் கொண்டே இதனை விளக்கலாம். ஓர் உடல் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் விதிகள் அனைத்தும் உயிரணுவுக்குள் நுண்ணிய எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு விதியும் ஒரு மரபணு எனக் கொள்க. மனிதரிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. இச்சுவடி நம்மிடம் இரு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஏடெழுதுவோர் கை தவறுவது போல, படியெடுக்கும்போது இங்கும் எழுத்துப்பிழை நேர்கிறது. ஒரு பிரதியில் ஓரிடத்தில் பிழை இருந்தாலும் மற்றப் பிரதியில் அவ்விடம் சரியாக இருந்தால், உடல் அதனைப் படித்துத் தன் வேலையைச் செய்துகொள்ளும். இவ்வாறு ஒரு பிரதியில் மட்டும் பிழையுடையவரை மரபியலார் 'தாங்கி' என்பர். அவருக்கு நோய் இல்லை. தாம் தாங்கி என்பதும் அவருக்குத் தெரியாது. நம்முள் ஒவ்வொருவரும் ஏதேனும் சில மரபணுக்களில் தாங்கிகளே.

ஒரே மரபணுவில் பிழையுடைய இருவர் மணந்துகொள்ளும்போதுதான் இடர் வருகிறது. ஒவ்வொரு கருவிலும், இரண்டு பிழைப் பிரதிகளையும் பெற்று நோயுறும் வாய்ப்பு 4இல் 1. தாங்கியாகப் பிறக்கும் வாய்ப்பு 4இல் 2. பிழையே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 4இல் 1. ஒரு குழந்தை நோயுற்றுப் பிறந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் நலமாகப் பிறக்கும் என்று சிலர் இக்கணக்கைத் தவறாகக் கொள்கின்றனர். ஒவ்வொரு கருவிற்கும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஓர் உண்மையை அறிவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து கிடைத்த இரு பிரதிகளில் பிழைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கும். ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதிய இரு பிரதிகளிலோ பிழை ஒரே வரியில் நிற்கும். உறவுத்திருமணத்தின் இடர் இதுவேயாகும். ஒருவர் ஒரு குறிப்பிட்ட பிழையின் தாங்கி எனின், அவருடைய அத்தை மகளோ மாமன் மகளோ அதே பிழையைத் தாங்கும் வாய்ப்பு 8இல் 1. அவருடைய அக்காள் மகளாயின் 4இல் 1. நூற்றுக்கு ஒருவரே தாங்கியாக உள்ள நோயில், உறவல்லாத பெண்ணிடம் இவ்வாய்ப்பு 100இல் 1 மட்டுமே.

இதனைக் கேட்டு அஞ்சவும் வேண்டா. அத்தை மகனை மணந்தோரின் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். பொதுவாகக் குழந்தைகளுள் 100க்கு 2 அல்லது 3 பேர் பெரிய பிறவிக்குறையுடன் பிறப்பர் எனின், உறவுமணத்தில் அது ஏறத்தாழ இருமடங்காகும் என்பதே மருத்துவர் கணக்கு. எல்லாப் பிறவிக்குறைக்கும் உறவுமணத்தைக் காரணமாகக் கூறுவதும் பிழை. டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு தாயின் வயதோடு தொடர்புடையது, உறவோடு தொடர்புடையதன்று. குருதி உறையாமை நோய் போன்றவை தாய்வழியாக மகனைத் தாக்குவன. அங்கே கணக்கு வேறு.

உறவில் மணம் செய்யவில்லை, ஆகவே நமக்கு இக்கேள்வி எழாது என்று கருதுவோர்க்கும் ஒன்று கூற வேண்டும். சிலரிடமிருந்து பெருகி, பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடித்து வரும் சமூகத்தில், உறவினர் அல்லாதவரும் பழைய தாய்ச்சுவடி ஒன்றின் பிரதிகளே. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் தங்கராஜும் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டேவிட் ரெய்க்கும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்களில், இவ்வகையில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் அஷ்கெனாசி யூதரையும் பின்லாந்து மக்களையும் விட இவ்விளைவு மிகுந்திருந்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட 14 குழுக்களும் அவற்றுள் அடங்கும்.

இதற்கு எடுத்துக்காட்டுகள் அருகிலேயே உள்ளன. ஆரிய வைசியச் சமூகத்தாருள் சிலர்க்கு, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்தை முறிக்கும் நொதி குறைவாக இருக்கும். மருந்து தந்தால் மணிக்கணக்கில் மூச்சுத்தசைகள் இயங்கா. இது தெரிந்த மயக்க மருத்துவர் குடும்பத்தைக் கேட்டு, வேறு மருந்தைத் தருவார். இவ்வளவு எளிய தீர்வுதான், ஆனால் கேட்டாலன்றிக் கிடையாது. வைணவரும் ஜைனருமாக வாழும் வடநாட்டு அகர்வால் சமூகத்தில் வேறொரு நோய் கண்டறியப்பட்டது. முதலாண்டிலேயே குழந்தையின் தலை அளவு மீறி வளரும். பின்னர் நடை தடுமாறும், வலிப்பு வரும். அறிவு மட்டும் நெடுங்காலம் பெருமளவு தெளிவாக இருக்கும். மும்பை நரம்பியல் மருத்துவர் பீம்சேன் சிங்கால் 1990களில் இதனை விளக்கி எழுதினார். 2001இல் இந்நோய்க்குரிய மரபணு கண்டறியப்பட்டது. அகர்வால் குடும்பத்து நோயாளிகளிடம் பெரும்பாலும் ஒரே பிழை காணப்பட்டது. நம் தமிழ்ச் சமணர்க்கென ஒரு நோய் உண்டென்று இங்கே கூறவில்லை. சிறிய சமூகம் எதற்கும் பொருந்தும் கணக்கையே கூறுகிறோம்.

இவ்வறிவை ஒரு சமயச் சமூகம் எவ்வாறு கைக்கொண்டது என்பதற்கு அமெரிக்க யூதர் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும். கிழக்கு ஐரோப்பிய வழியினரான அஷ்கெனாசி யூதரிடம் டே-சாக்ஸ் என்னும் நோய் மிகுந்திருந்தது. 1881இல் வாரன் டே என்னும் ஆங்கிலேயக் கண் மருத்துவரும், சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் நரம்பியலார் பெர்னார்டு சாக்ஸும் இதனை விவரித்தனர். குழந்தை ஆறு மாதம் வரை சிரித்து விளையாடும். அதன்பின் கற்றதை ஒவ்வொன்றாக மறக்கும். தலை நிற்காது, பார்வை போகும், நான்கைந்து வயதிற்குள் இறக்கும். இன்றளவும் தீர்க்கும் மருந்தில்லை. அச்சமூகத்தில் ஏறத்தாழ 30 பேருக்கு ஒருவர் தாங்கி. கணவனும் மனைவியும் தாங்கியாதல் 900இல் 1, அவருள்ளும் 4இல் 1 குழந்தைக்கு நோய் எனின், 3,600 பிறப்புகளுக்கு ஒன்று என்று பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம்.

1969இல் இந்நோயில் குறையும் நொதி எது என்பது தெரிந்தது. 1971இல் மைக்கேல் கபாக் என்னும் மருத்துவர் பால்டிமோர், வாஷிங்டன் நகரத்து யூத சமூகத்தாரைக் கொண்டே குருதிச் சோதனை முகாம்களைத் தொடங்கினார். மக்கள் திரளாக வந்தனர். ஆனால் பழமை பிறழாத யூதக் குடும்பங்கள் தயங்கின. அவர்கள் கருக்கலைப்பைப் பெரும்பாவமாகக் கருதுவோர். கருவில் நோயைக் கண்டு சொல்லும் சோதனையால் அவர்க்குப் பயன் என்ன? மேலும், தாங்கி என்ற பெயர் வெளிவந்தால் தரகர் அந்த வீட்டுப் பெண்ணைக் கைவிட்டுவிடுவர். இத்தயக்கம் நமக்குப் புதிதன்று.

இதற்கு வழி கண்டவர் நியூயார்க் நகரத்து ஜோசப் எக்ஸ்டைன் என்னும் யூத சமயகுரு. இந்நோய்க்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். 1983இல் அவர் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' என்னும் அமைப்பு, மணப்பருவம் எய்துமுன்னரே மாணவ மாணவியரின் குருதியைச் சோதிக்கிறது. முடிவை எவரிடமும் கூறுவதில்லை. சோதிக்கப்பட்டவர்க்கு ஓர் எண் மட்டுமே தரப்படும். மணப்பேச்சு எழும்போது இரு வீட்டாரும் தத்தம் எண்ணைக் கூறுவர். பொருத்தம் உண்டு அல்லது இல்லை என்ற மறுமொழி வரும். ஒருவர் மட்டும் தாங்கியாக இருந்தால் பொருத்தம் உண்டு என்றே விடை வரும், ஏனெனில் அம்மணத்தில் குழந்தைக்கு அந்நோய் வாராது. பலரும் மேற்கொண்ட இத்தகைய சோதனைகளால், வட அமெரிக்க யூதரிடையே டே-சாக்ஸ் நோயுடன் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்தன.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஒன்றில் நாம் மாறுபடுகிறோம். தம் உடலைப் பற்றிய செய்தி தமக்கே மறைக்கப்படுவது சரியன்று என்று மரபியலார் சிலர் இம்முறையைக் குறை கூறியுள்ளனர். அவர் கூற்றே நமக்கு ஏற்புடையது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணோ பிள்ளையோ தம் முடிவைத் தாமே அறிந்துகொள்ளட்டும். இரகசியமாக வைக்கும் வரை அது இழிவாகவே எண்ணப்படும்.

நமக்கு இது ஏன் மேலும் பொருந்தும் என்பதைக் கூறுவோம். கருவில் நோயை அறியும் சோதனை நம் நாட்டில் உண்டு. பால் அறிதலைத் தண்டிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபு நோய் அறிவதற்கு அதனை அனுமதிக்கிறது. ஆனால் விடை பாதகமாக வந்தால் அத்தாயின் முன் நிற்பது, ஐந்தறிவு உயிர்க்கும் தீங்கு எண்ணாத குலத்தில் பிறந்தவள் எதிர்கொள்ள அஞ்சும் கேள்வியாகும். உடலுக்கு வெளியே கருவாக்கி, நோயற்றதைத் தேர்ந்து வைக்கும் முறையிலும் எஞ்சிய கருக்கள் யாவை என்ற வினா எழுகிறது. அந்நிலையில் உள்ள குடும்பத்தைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. மணத்திற்கு முன்னரே குருதியோ உமிழ்நீரோ கொடுத்துப் பல மரபணுக்களை ஒருங்கே சோதித்துக்கொண்டால், மறைநிலை நோய்கள் பலவற்றில் அக்கேள்வி எழாமலே போகும். எல்லா நோயையும் இச்சோதனை காட்டிவிடாது என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

வினைக்கொள்கையை உடைய நாம் மரபணுவைக் காரணமாகக் கொள்ளலாமா என்று சில பெரியோர் வினவுகின்றனர். எண்வினைகளுள் உடலை அமைப்பது நாமவினை, துன்ப நுகர்ச்சியைத் தருவது அசாதா வேதனீயம் என்று ஆகமம் கூறுகிறது. வினை பயன் தருவதோ திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நிமித்தங்களைச் சார்ந்து. மரபணுவும் புத்கலமே. காய்ச்சலை வினைப்பயன் என்று அறிந்தும் கஷாயம் குடிக்கிறோம் அல்லவா? இதனினும் முக்கியமானது ஒன்று. ஒருவர் வினை மற்றொருவரை ஒட்டாது என்பது நம் சித்தாந்தம். அவ்வாறிருக்க, குழந்தையின் துன்பத்திற்குத் தாயின் பாவத்தைக் காட்டுவது எந்தச் சாத்திரத்தின்படி? தனக்கோ பிறர்க்கோ துக்கமும் அழுகையும் விளைவித்தலே அசாதா வேதனீயம் வந்து சேரக் காரணம் என்று உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. மேலே கண்ட மருமகளைச் சீமந்தத்திற்கு அழையாமல் விட்டவர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அம்மருமகளிடம் பேசிய இளம்பெண்ணின் தொழில் மரபணு ஆலோசகர் என்பதாகும். இப்பெயரை 1947இல் வழங்கியவர் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ஷெல்டன் ரீட். நியூயார்க் மாநிலத்து சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிஸ்ஸா ரிக்டர் 1969இல் இதற்கென முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். மரபியலும் மனவியலும் சேர்த்துக் கற்பிக்கப்படும் இப்படிப்பு இந்தியாவில் மணிப்பால் முதலிய சில இடங்களில் உள்ளது. இந்திய மரபணு ஆலோசனை வாரியம் என்னும் அமைப்பு தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது. ஆலோசகர் நோயாளிக்குக் கட்டளையிடார். இதனைச் செய், இதனைச் செய்யாதே என்று கூறாமல், உண்மை இது, வழிகள் இவை என்று எடுத்துரைத்து முடிவைக் குடும்பத்தாரிடமே விடுவார். கேட்பவர் அழுதால் காத்திருப்பதும் அவர் வேலையே.

நம் இளைஞர் பலர் கணிப்பொறிக்கும் பொறியியலுக்கும் செல்கின்றனர். உயிரியலோ செவிலியமோ பயின்ற நம் பெண்பிள்ளைகளுள் ஒருசிலரேனும் இத்துறையை நாட வேண்டும். மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள், புற்றுநோய் நிலையங்கள் அனைத்திலும் இவர்க்கு இடமுண்டு. தேவைக்கேற்ற எண்ணிக்கையில் ஆலோசகர் நம் நாட்டில் இல்லை. அதிலும் பங்காளி, சம்பந்தி, தாய்மாமன் என்ற உறவுகளின் எடை தெரிந்து, கிராமத்துப் பாட்டிக்கும் புரியுமாறு தமிழில் சொல்ல வல்லவர் மிகச் சிலரே. ஊதியம் பொறியாளர்க்கு நிகராகத் தொடக்கத்தில் இராது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முன்னரே நோயுற்றுப் பிறந்துவிட்ட குழந்தைகளின் நிலை என்ன? அரிய நோய்கள் 7,000 அளவில் உள்ளன என்பர். ஒவ்வொன்றும் அரிதாயினும் அனைத்தும் சேர்ந்தால் அரிதன்று. சிலர்க்கே பயன்படும் மருந்தைச் செய்ய நிறுவனங்கள் முன்வாராமையால் அவை 'அனாதை மருந்துகள்' எனப்பட்டன. பெற்றோர்களின் இயக்கத்தால் 1983இல் அமெரிக்காவில் அதற்கெனச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில், கோஷே நோயுற்ற ஏழு வயதுச் சிறுவனுக்காக, ரிக்ஷா ஓட்டிப் பிழைத்த அவன் தந்தை டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். இலவச மருந்து தருமாறு 2014இல் தீர்ப்பு வந்தது. தொடர்ந்த முயற்சிகளின் பின் 2021இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022 முதல், பெங்களூர், ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களின் சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டுவோர்க்கு இத்தொகை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஓர் ஊசியின் விலை மட்டும் 16 கோடி ரூபாய் அளவில் இருந்ததைப் பலர் செய்தித்தாள்களில் படித்திருப்பர்.

நால்வகைத் தானங்களுள் ஔடததானம் ஒன்று. ஜிநாலயத் திருவிழாவிற்கும் அன்னதானத்திற்கும் தாராளமாக வழங்கும் நம்மவர், ஒரு குடும்பத்தின் மரபணுச் சோதனைக்கோ, சிறப்பு மையத்திற்குச் சென்றுவரும் செலவிற்கோ உதவினால் அதுவும் அத்தானமே. பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள் 2008 முதல் அரிய நோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று அத்தகைய குழந்தை உள்ள வீட்டாரை ஆலயத்திற்கு அழைத்து வந்து அமரச் செய்யலாம். அவர்களுள் சிலர் பல ஆண்டுகளாக எந்த விசேஷத்திற்கும் குழந்தையைத் தூக்கி வந்ததில்லை.

இனிப் பயிற்சி. அடுத்த முறை உறவினர் கூடும்போது ஒரு பெரிய தாளில் உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வரைக. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணைக்க. அவர்கள் உறவினராயின் இரட்டைக் கோடு இடுக. இறந்தவர்க்குக் குறுக்குக் கோடிட்டு, வயதையும் காரணத்தையும் அருகில் எழுதுக. ஒரே வகையான நோய் கண்டவர்களின் உருவை நிரப்புக. இதனைப் பாட்டிமாரைக் கேட்டே எழுத வேண்டும், அவர்களுக்குப் பின் கேட்க ஆளில்லை. நோயுற்ற குழந்தை வீட்டில் இருப்பின், அதன் மரபணு மாதிரியைச் சேமித்து வைக்க ஆய்வுக்கூடத்தை இப்போதே கேளுங்கள். பிழை எது என்று அக்குழந்தையிடம் கண்டறிந்தால்தான் அதன் சித்தப்பாவிற்கும் அத்தைக்கும் எளிதாகச் சோதிக்க இயலும். பெயர் வைக்குமுன்னரே இறந்த குழந்தைகளைப் பெரும்பாலோர் இக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். அவர்கட்கும் ஒரு சிறிய சதுரமோ வட்டமோ இட்டு, பிறந்த ஆண்டைக் கீழே எழுதி வைக்க.